பிறந்த ஊரில் ரிங், புகுந்த ஊரில் டென்னிகாயிட்

விழுப்புரத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியில் அதற்கு ரிங் என்று பெயர். வேறு பெயர் இருக்கும் என்றே எங்களுக்குத் தெரியாது. ஒரு ரப்பர் வளையம், இரண்டு கம்பம், நடுவே ஒரு வலை. இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். வலைக்கு மேலாக வரும் வளையத்தை ஒரே கையால் பிடித்து, பிடித்த கையாலேயே திருப்பி வீச வேண்டும். தரையில் விழுந்தால் எதிராளிக்குப் பாயின்ட். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். கணக்கில் எப்படியோ தேறினேன். ரிங்கில் மட்டும் என் வகுப்பில் எனக்கு மேலே ஆள் கிடையாது.

கல்யாணமாகித் திண்டிவனம் வந்த முதல் மாதம், பரண் துடைக்கும்போது பழைய துணி மூட்டைக்குள் சிவப்பு வளையம் ஒன்று கிடைத்தது. அது என் ஓரகத்தியுடையது, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவியுடையது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்து வாசல்தான் அவர் வீடு. என்னைவிட எட்டு வயது மூத்தவர். அதுவரை எனக்கு அவரிடம் பயம்தான். வளையத்தைப் பார்த்ததும் பயம் போய்விட்டது.

"அக்கா, நீங்க ரிங் ஆடுவீங்களா?"

"ரிங்கா? இது டென்னிகாயிட்டு."

"ரிங்குதானேக்கா இது?"

"உங்க ஊர்ல சோத்துக்கு என்னா பேரு, உருண்டையா?"

"எங்க ஊர்ல சோத்துக்கு சோறுதான் பேரு. நீங்கதான் இந்த வளையத்துக்கு ரயில் நீளத்துக்குப் பேரு வெச்சிகினு இருக்கீங்க."

புதுப்பெண் இப்படிப் பேசலாமா என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாயங்காலம் கொல்லைப் பக்கம் வா, பார்க்கலாம்" என்றார்.

கொல்லையில் துணி காயும் கொடிதான் வலை. ஆடத் தொடங்கியதும்தான் தெரிந்தது, பெயர் மட்டுமில்லை, எல்லா வார்த்தையும் வேறு. ஆட்டம் ஆரம்பிக்கும்போது நாங்கள் "லவ் ஆல்" என்போம். அக்கா "ஜீரோ ஜீரோ" என்றார். வளையத்தைக் கீழ்நோக்கி வீசினால் தப்பு, அதற்கு எங்கள் ஊரில் "டௌன்". இங்கே "டிப்". வலைக்குப் பக்கத்திலேயே மெல்லப் போட்டுவிடுவதை நாங்கள் "கட்" என்போம், இவர் "டிராப்" என்றார். எதிர் மூலைக்கு வீசுவது எனக்கு "கிராஸ்", அவருக்கு "டயகனல்". முப்பத்தேழு, முப்பத்தெட்டு கிலோமீட்டர் தூரம்தான். பஸ்ஸில் ஒரு மணி நேரம். அதற்குள் இங்கிலீஷ் இப்படி மாறிப்போகுமா என்று எனக்கு ஆச்சரியம். எங்கள் டிரில் டீச்சர் எங்கே கற்றாரோ, அவர்கள் டிரில் டீச்சர் எங்கே கற்றாரோ. நாங்கள் காதில் விழுந்ததை வாங்கி வைத்துக்கொண்டோம்.

இதில் மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தார். எங்கள் தெரு முனையில் குடிவந்த அம்மாள் ஒருவர், சென்னையில் வளர்ந்தவர். அவர் வீட்டுக்காரர் கப்பலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதனால் தெருவில் அவருக்குக் கப்பல்காரம்மா என்று பெயர். நாங்கள் ஆடுவதை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "அட, டெக் டென்னிஸ்!" என்றார்.

"அது இன்னா பேருங்க?" என்றேன்.

"கப்பல் மேல்தளத்துல ஆடறதும்மா. பந்துன்னா கடல்ல போய் விழுந்துடும்னு வளையம் வெச்சி ஆடுவாங்களாம்."

அக்கா விடவில்லை. "ஏங்க, வளையம் கடல்ல விழாதா?"

கப்பல்காரம்மா, விசாரித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். ஒரு வாரம் கழித்து வந்து, ஜெர்மனியில் இருக்கும் தன் மகனிடம் போனில் கேட்டதாகவும் அங்கே அதற்கு ரிங் டென்னிஸ் என்று பெயர் என்றும் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களாக்கா, ஜெர்மனிக்காரங்க எங்க ஊர்ப் பக்கம்!" அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவுங்களும் விழுப்புரத்துலதான் படிச்சிருப்பாங்க" என்றார்.

நாங்கள் சமணர்கள். திண்டிவனம், செஞ்சிப் பக்கம் எத்தனையோ தலைமுறையாகப் பயிர் வைத்து, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் பண்ணிப் பிழைத்து வருகிறவர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது உயிர் சோற்றோடு போய்விடும். நடக்கும்போது தரையைப் பார்த்து நடக்க வேண்டும். இதெல்லாம் எங்களுக்குப் பெரிய காரியம் இல்லை, மூச்சு விடுவது மாதிரி. பிள்ளைகள் வளர்ந்த பிறகு அக்காவும் நானும் காலை நேரத்தில் பள்ளி மைதானத்துக்குப் போய் ஆடத் தொடங்கினோம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் அக்கா மைதானத்தில் கால் வைப்பார். ஒரு பூந்துடைப்பத்தைக் கையோடு கொண்டுவந்து, கோடு போட்ட இடம் முழுவதும் மெல்ல ஒதுக்கிவிட்டுத்தான் ஆட்டம். நடைப்பயிற்சிக்கு வரும் பெண்கள் சிரிப்பார்கள். "என்னாக்கா, கோலம் போடப் போறீங்களா?" என்று கேட்பார்கள். "எறும்புங்களுக்கு நோட்டீஸ் குடுத்துக்கினு இருக்கேன்" என்பார் அக்கா.

போன வருஷம் அந்தப் பள்ளியின் பழைய மாணவிகள் சேர்ந்து, முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஒரு போட்டி வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அக்காவும் பழைய மாணவிதான். நோட்டீஸ் எழுதும் வேலை அவரிடம் வந்தது. "மகளிர் டென்னிகாயிட் போட்டி" என்று எழுதினார். பத்து நாளாகியும் உள்ளூரிலிருந்து மூன்று ஜோடிகள்தான் பெயர் கொடுத்தார்கள். குறைந்தது எட்டு ஜோடி இல்லாவிட்டால் போட்டியை விட்டுவிடுவோம் என்றார்கள்.

அன்றைக்கு அக்கா சாப்பிட்ட தட்டை எதிரில் வைத்துக்கொண்டு கை காயும் வரை உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். அதுவரை சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

பதினொன்றாவது படிக்கும்போது மாநிலப் போட்டிக்கு அவரைத் தேர்வு செய்தார்களாம். மதுரையில் போட்டி. பையெல்லாம் கட்டியாகிவிட்டது. போட்டி முடிய எப்படியும் இருட்டிவிடும், பொதுச் சமையல், ஏழு மணிக்கு மேல்தான் சோறு என்று கேள்விப்பட்டதும் அவர் அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அவருக்குப் பதில் போன பெண் கோப்பையோடு வந்தாள்.

"அப்பா மேல கோவம் இல்ல. அவுரு சொன்னது தப்பும் இல்ல," என்றார் அக்கா. "ஆனா ஒரே ஒரு தடவ மேடையில ஏறி ஒரு கப்பு வாங்கணும்னு இருக்குது. முட்டி வேற வலிக்குது. இந்த வருஷத்தோட சரி, அடுத்த வருஷம் என்னால குதிக்க முடியாது."

அத்தனை வருஷம் பக்கத்து வாசலில் இருந்தும் எனக்குத் தெரியவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. உடனே விழுப்புரத்தில் என்னோடு படித்தவளுக்குப் போன் செய்தேன். "டென்னிகாயிட்டா? நோட்டீஸ் பாத்தேன்டி. அது ஏதோ இங்கிலீஷ் மீடியம் ஆட்டம்னு விட்டுட்டேன்" என்றாள். "அடிப்பாவி, அது நம்ம ரிங்குடி!" என்றேன். "ரிங்கா? அப்டி எழுதித் தொலையறதுக்கு இன்னா கேடு?" என்றாள்.

அக்காவிடம் சொன்னேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பிறகு நோட்டீஸை வாங்கி, "ரிங் என்கிற டென்னிகாயிட்" என்று மாற்றி எழுதினார். "போலீஸ் ஸ்டேஷன்ல திருடன் பேரு எழுதற மாதிரி இருக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதினார். நான்கே நாளில் விழுப்புரம், காணை, முகையூர் என்று ஆறு ஜோடிகள் பெயர் கொடுத்தார்கள். காணையிலிருந்து வந்த ஒரு ஜோடி மட்டும் அதையும் தப்பாகப் படித்துவிட்டு ஷட்டில் மட்டையோடு வந்து இறங்கியது. அவர்களுக்கும் ஒரு வளையம் கொடுத்து ஆட வைத்தோம்.

போட்டி அன்று காலையில் ஜினாலயத்துக்குப் போனேன். எங்கள் பகவானிடம் இதைக் கொடு, அதைக் கொடு என்று கேட்பது வழக்கம் இல்லை. அவர் விருப்பு வெறுப்பைக் கடந்தவர், கேட்டாலும் கொடுக்கிறவர் இல்லை. எல்லாம் தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டு, அக்காவுக்கு அந்தக் கோப்பை கிடைக்க வேண்டும் என்று கேட்டேன். தப்புத்தான்.

ஐப்பசி மாதம். முந்தின நாள் நல்ல மழை. மைதானம் காய்ந்து ஆட்டம் தொடங்கவே பதினொரு மணியாகிவிட்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அக்கா பூந்துடைப்பத்தோடு இறங்கினார். நடுவராக வந்திருந்த டீச்சர் புதுச்சேரிக்காரர். முதலில் கடுகடுத்தார், பிறகு பழகிக்கொண்டார். மூன்று ஆட்டம் ஜெயித்தோம். கடைசி ஆட்டத்துக்கு வரும்போது மணி நான்கைத் தாண்டிவிட்டது. எதிரில் விழுப்புரம் ஜோடி.

ஒருத்தி உயரம், நீளக் கை. இன்னொருத்தி குள்ளம், பம்பரம் மாதிரி சுற்றுகிறவள். முதல் செட்டை அவர்கள் இருபத்தொன்றுக்குப் பதினாறு என்று எடுத்தார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். உயரமானவள் வீசுவதற்குக் கொஞ்சம் முன்னால் தன் ஜோடிக்குக் குரல் கொடுத்தாள். "கட்" என்பாள், வளையம் வலையோரம் விழும். "கிராஸ்" என்பாள், எதிர் மூலைக்குப் போகும். தன் ஜோடி எங்கே நிற்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறாள். திண்டிவனத்து மற்ற ஜோடிகளுக்கு இதெல்லாம் ஏதோ சத்தம். எனக்கோ என் பள்ளி மைதானமே வாய் திறந்து பேசுகிற மாதிரி இருந்தது.

தண்ணீர் குடிக்கும்போது அக்கா காதில் சொன்னேன். "அவ 'கட்'னு சொன்னா உங்க டிராப்புக்கா. வாயத் தொறந்ததும் வலைகிட்ட போயிடுங்க. 'கிராஸ்'னா நான் பாத்துக்கறேன்."

"இப்பத்தான் உங்க ஊர் இங்கிலீஷுக்கு ஒரு வேல வந்திருக்குது" என்றார் அக்கா.

இரண்டாவது செட் எங்களுக்கு. பதினான்குதான் கொடுத்தோம். அவள் வாயைத் திறந்தால் அக்கா அங்கே நின்றார். கடைசிப் பாயின்ட் முடிந்ததும் உயரமானவள் வலைக்கிட்ட வந்து என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க எந்த ஸ்கூலுக்கா?"

சொன்னேன்.

"அய்யய்யோ, நானும் அந்த ஸ்கூலுதான்! துரோகி அக்கா! நாங்க பேசப் பேச எல்லாத்தையும் போட்டுக் குடுத்துக்கினு இருந்தீங்களா?"

"புகுந்த வீட்டுக்குத்தான்மா ஆடணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மூன்றாவது செட்டில் அவள் வாயைத் திறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரலால் காட்டினாள். போச்சு, என் படிப்பு அதோடு தீர்ந்தது.

அந்த செட் இழுத்துக்கொண்டே போனது. எட்டு எட்டு, பதிமூன்று பதிமூன்று. வெயில் மஞ்சளாகிவிட்டது. நடுவர் டீச்சர், "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்தினார். அக்காவின் முட்டி வீங்கியிருந்தது, ஆனாலும் குதித்தார். அவர் முகத்தைப் பார்க்கும்போது பதினொன்றாம் வகுப்புப் பெண் மாதிரியே இருந்தது. பத்தொன்பது பத்தொன்பது. அவர்கள் ஒன்று எடுத்து இருபது ஆனார்கள். இன்னும் ஒன்றை விட்டால் முடிந்தது.

அடுத்த வளையம் என் இடது பின்மூலைக்கு வந்தது. பிடிக்கக்கூடிய வளையம். இடது காலை ஒரே எட்டு பின்னால் வைத்துக் கையை நீட்டினால் போதும். திரும்பியபோது கால் வைக்க வேண்டிய இடத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு மரவட்டை போய்க்கொண்டிருந்தது. மழைக்கு வெளியே வந்தது. துடைத்த பிறகு ஏறி வந்திருக்கிறது. அத்தனை கால்களும் அலை மாதிரி அசைய, அவசரமே இல்லாமல் போனது.

அந்த நேரத்தில் நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கால் தானாக அந்தரத்தில் நின்றுவிட்டது. வளையம் என் விரல்நுனிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

அந்தப் பக்கம் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ, "இன்னாடி இது, கையில வந்தத விட்டுட்டாளே!" என்றாள். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

பரிசு கொடுக்க வேண்டியவர் இன்னும் வரவில்லை என்றார்கள். பொழுது சாய அரை மணி இருந்தது. நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். தயிர்ச் சோறும் மல்லாட்டைத் துவையலும். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அக்கா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"அக்கா," என்றேன். "அந்த எடத்துல ஒரு மரவட்ட இருந்துச்சிக்கா."

சோற்றை வாய்க்குக் கொண்டுபோன கை நின்றது.

"எங்க?"

"கோட்டுக்கு இந்தாண்ட. கால் வெக்கற எடத்துலயே."

அக்கா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நொண்டிக்கொண்டே மைதானத்துக்குப் போய் அந்த மூலையில் குனிந்து தேடினார். கொஞ்ச தூரம் தள்ளி எதையோ பார்த்தார் போல. ஒரு புளிய இலைக்கொத்தை எடுத்து, அதில் அதை ஏற்றி, வேலியோரம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கையைக் கழுவினார். முன்னே மதுரையைத் தடுத்ததும் இதே தர்மம்தான், இன்றைக்குக் கோப்பையைத் தடுத்ததும் இதுதான். ஒரு ஆளிடம் இரண்டு தடவை கேட்பது என்ன நியாயம் என்று எனக்கே தோன்றியது.

அக்கா உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டி, உனக்கு வலது கால் இல்லியா?"

"என்னாக்கா?"

"இடது கால வெக்க முடியலன்னா அப்படியே நின்னுடறதா? வலது கால குறுக்கால போட்டு, உடம்பத் திருப்பி, பின்பக்கமா கைய விட்டிருந்தா மரவட்டயும் பொழச்சிருக்கும், பாயின்ட்டும் வந்திருக்கும்! எங்க டீச்சரு இத எத்தன தடவ ஆட வெச்சிருக்காங்க தெரியுமா?" டப்பா மூடியை வளையம் மாதிரி பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த நிலையிலேயே உடம்பைத் திருப்பிக் காட்டினார். "இப்படி! இதுக்குப் பேரு கிராஸ் ஸ்டெப்."

"எங்க ஊர்ல அப்டி ஒண்ணு கெடயாதுக்கா."

"அதத்தான் சொல்றேன். பேரு மட்டும் ஜெர்மனி வரைக்கும் போவுது, கால் போவல!"

அக்கா என் டப்பாவைப் பார்த்து, "பொழுது போவுது, சாப்புடு" என்றார். அப்புறம்தான் சோறு இறங்கியது. சூரியன் மறைவதற்குள் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டோம்.

பரிசு கொடுக்கும்போது இரண்டாம் இடத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினார். கோப்பை இல்லை, ஆளுக்கு ஒரு சான்றிதழ். அதில் வேறு, சண்டை வேண்டாம் என்று நினைத்தோ என்னவோ, வளையப்பந்து என்று சுத்தத் தமிழில் அச்சிட்டிருந்தார்கள். அக்கா அதைப் படித்துவிட்டு, இது எந்த ஊர்ப் பெயர் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்ற உயரமான பெண்ணுக்கு எல்லோருக்கும் முன்னால் அக்காதான் கை தட்டினார். ஆனால் அவர் கண் கோப்பை மேலேயே இருந்ததை நான் பார்த்தேன். அந்த ராத்திரி பகவானிடம் மன்னிப்புக் கேட்டேன், காலையில் கேட்கக் கூடாததைக் கேட்டதற்காக. மரவட்டைக்காக மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டு நாள் அக்கா வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு கட்டிலிலேயே இருந்தார். இனிமேல் ஆட்டம் இல்லை என்று நானே முடிவு கட்டி, பூந்துடைப்பத்தை வீடு பெருக்க எடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அக்கா. முட்டியில் பட்டை, கையில் வளையம்.

"இன்னும் மூஞ்சி கழுவலியா? ஒரு வருஷந்தான் இருக்குது. வா, உன் வலது காலக் கொஞ்சம் பார்க்கலாம்."

"இந்த வருஷத்தோட சரின்னீங்களேக்கா?"

"நான் ஏன் குதிக்கணும்? நீ குதி, நான் முன்னாடி நின்னுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார். நான் செருப்பைத் தேடினேன்.